ரத்தக்கட்டுப் பார்க்க வந்தவர்

உலகத்தில் 'பார்க்க வருகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. பெண் பார்க்க வருகிறவரைச் சொல்லவில்லை. வீடு பார்க்க வருகிறவரையும் சொல்லவில்லை. யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று காதில் விழுந்த மாத்திரத்தில், அடுப்பில் காய்கிற பாலை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, வழியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, முகத்தைப் பாதி துக்கத்துக்குக் கொண்டுவந்தபடியே வாசலில் செருப்பைக் கழற்றுகிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாது என்றால் உங்களுக்கு இதுவரை காய்ச்சலே வந்ததில்லை என்று அர்த்தம்.

நாற்காலி எடுத்துப் போட்டால் உட்கார மாட்டார். கட்டிலில்தான் உட்காருவார், நோயாளியின் கால்மாட்டில், முடிந்தால் காலின் மேலேயே. 'என்னாச்சு?' என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறக்காதீர்கள். அது கேள்வியே இல்லை. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார், அவ்வளவுதான். அடுத்து, "இப்பிடித்தான் எங்க சின்ன மாமனாருக்கு..." என்று ஒரு கதை ஆரம்பமாகும். அந்தச் சின்ன மாமனார் என்றைக்காவது பிழைத்திருக்கிறாரா? கிடையாது. பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருப்பவரிடம், பல் பிடுங்கப் போய்த் திரும்பி வராதவரின் கதையைச் சொல்வார். நோயாளியின் முகம் வெளுத்ததும் காலைத் தட்டிக் கொடுத்து, "நீ ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பிக்காத, உனக்கெல்லாம் அப்பிடி ஆகாது" என்பார். அதற்கப்புறம் வைத்தியம். டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு எழுத்தும் படிக்க மாட்டார். "இதெல்லாம் சூடு" என்று கீழே வைத்துவிடுவார். தீர்ந்தது டாக்டரின் ஐந்து வருடப் படிப்பு.

இந்த இனத்தை ஒரு வாரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. உபயம், என் சித்தி மகள் சௌந்தர்யாவின் மூக்கு.

சௌந்தர்யாவுக்குத் திண்டுக்கல்லில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. அவள் புருஷன் பாண்டி வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். அந்த மனுஷன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெருக்கலைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம்கூட, "இது சரியா வந்துருக்கலாம்ல?" என்று, ஏதோ தப்பே தன்னுடையது மாதிரிதான் கேட்பார். தெருவில் பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் அனுப்புகிற இடம் அந்த மாடி.

சௌந்தர்யாவின் மூக்கில் நடுவே ஒரு மேடு உண்டு. நுனி கொஞ்சம் கீழே வளைந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் 'கிளி' என்று பேர். கல்லூரிக்குப் போனாள், அங்கேயும் யாரோ ஒரு புண்ணியவான் அதே பேரைக் கண்டுபிடித்தான். போட்டோவுக்குப் பக்கவாட்டில் நிற்கவே மாட்டாள். அவள் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், தாலி கட்டும்போதுகூட மாப்பிள்ளையைப் பார்க்காமல் கேமராவையே நேராக முறைத்துக்கொண்டிருப்பாள். அந்த மூக்கைச் சரிசெய்து கொள்ளப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "ஒனக்கெதுக்குடி இந்த வேலை? நல்லாத்தான இருக்கு?" என்று நானும் கேட்டேன்.

"தெனமும் கண்ணாடியப் பாக்குறது நீயாக்கா, நானா?" என்றாள். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? பாண்டியும், "மூக்கு உன்னோடது" என்று சொல்லிவிட்டு மதுரைக்குக் கூடவே போய் ஆஸ்பத்திரி வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாள், துணைக்கு நானும் போய்த் தங்கினேன். மூக்கின் மேல் ஒரு கட்டு. டாக்டர் சொல்லி அனுப்பிய பக்குவம் கொஞ்சமா நஞ்சமா? தலையை உயரமாக வைத்துத்தான் படுக்க வேண்டும். குனியக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். ஆவி, சூடு எதுவும் கிட்டேயே வரக் கூடாது. வீக்கம் குறைய ஐஸ் ஒத்தடம், அதுவும் மூக்கில் இல்லை. கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும். கண்ணாடி மாட்டக் கூடாது. ரொம்பச் சிரிக்கவும் கூடாது. வீக்கமும் ரத்தக்கட்டும் முதலில் அதிகமாகி அப்புறம்தான் வடியும், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஐஸுக்கு உறைந்த பச்சைப் பட்டாணிப் பாக்கெட்தான் வசதி என்று பாண்டி எங்கேயோ படித்துவிட்டு வாங்கி வந்தார். கன்னத்தின் மேல் பாந்தமாக உட்கார்ந்துகொள்ளும். அதைப் பழைய சுங்குடிச் சேலைத் துணியில் சுற்றி, மணிக்கு ஒருதரம் மனைவியின் கன்னத்தில் ஏந்திக்கொண்டு நிற்பார்.

எல்லாம் சரி, சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? அழகுக்காக மூக்கை அறுத்துக்கொண்டாள் என்று தெரிந்தால் சின்னாளபட்டியில் சேலை நெய்கிற எங்கள் சொந்தக்காரர்களின் தறிகள் ஒருநாள் முழுக்க நின்றுபோகும், அத்தனை பேரும் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிடுவார்கள். அதனால், "மூக்குல சதை வளந்துருந்துச்சு, எடுத்தாச்சு" என்று ஒரு பொய். சொன்னது சௌந்தர்யா. பயந்தது பாண்டி. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. யாராவது மூக்கைப் பற்றி வாயெடுத்தாலே கழுத்து வரை வேர்த்துவிடும்.

அந்தப் பொய்யில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அழகு ஆபரேஷனுக்கு நம் ஊரில் ஒருவருக்கும் கைவைத்தியம் தெரியாது. மூக்குச் சதைக்கோ தெரியாதவரே கிடையாது.

முதலில் வந்தவர் வத்தலக்குண்டிலிருந்து முத்துக்கிருஷ்ணன் மாமா, சௌந்தர்யாவின் தாய்மாமன். கட்டிலில் உட்கார்ந்தார். என்னாச்சு என்று கேட்டார். பதிலுக்கு முன்னால் மடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார்.

"சதைக்கு எதுக்குத்தா ஆஸ்பத்திரி? ஒரு சிமிட்டாப் பொடி இழு. ரெண்டே தும்மல். அம்புட்டுச் சதையும் தானா வெளிய வந்து விழுந்துரும்."

டப்பா மூக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கட்டுக்கு மேலே சௌந்தர்யாவின் கண்கள் இரண்டும் என்னைத் தேடின. நான் டப்பாவை அவர் கையிலிருந்தே வாங்கி, "காப்பி குடிச்சுட்டுத் தாரேன் மாமா" என்று இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊருக்குப் பஸ் ஏறும்வரை கொடுக்கவில்லை. மனுஷன் அடங்கினாரா? பாண்டியின் கையிலிருந்த பட்டாணியைப் பார்த்துவிட்டு, "இத எதுக்கு மாப்ள மூஞ்சில வைக்கிறீக? வெஞ்சனம் வச்சாச் சோத்துக்காகும்ல?" என்றார். மறுநாள் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒரு கட்டு நொச்சித் தழை வந்து இறங்கியது, போர்வையைப் போர்த்தி ஆவியில் வேது பிடிக்கச் சொல்லிச் செய்தியோடு. கொசுவுக்குப் புகை போட்டோம்.

இப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் சொன்னபடி ரத்தக்கட்டு பூத்தது. காலையில் எழுந்தால் சௌந்தர்யாவுக்கு இரண்டு கண்ணுக்கும் கீழே கத்திரிக்காய் நிறம். கண் பாதிதான் திறந்தது. கட்டுப் போட்ட மூக்கும் இரண்டு கறுத்த கண்ணுமாகப் பார்க்கிறவர் நெஞ்சு திக்கென்றது. அன்றைக்குப் பார்த்தா கண்ணம்மாள் அத்தை வர வேண்டும்?

அத்தை என்றால் யாருக்கும் சொந்தமில்லை, தெருவுக்கே அத்தை. ரெண்டு வீடு தள்ளி மகன் அஜித்தோடும் மருமகள் யுவராணியோடும் இருக்கிறவர். மகன் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கிறவன். மருமகள் இருக்கிற இடம் தெரியாது. அத்தை இல்லாத இடம் கிடையாது. பார்க்க வருகிற இனத்துக்கு ஒரு ராணி உண்டென்றால் அது இவர்தான். ஹார்லிக்ஸ் எல்லாம் கொண்டுவர மாட்டார். மருந்துச் சட்டியே கொண்டுவருவார்.

வந்தவர் சௌந்தர்யாவின் மோவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணுக்குக் கீழே விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது இன்னைக்கு நேத்துப் பட்டது இல்ல, முந்தாநேத்து. நாளைக்கு இந்தக் கறுப்பு பச்சையாகும். அப்பறம் மஞ்சளாகி அடியில எறங்கும். கன்னம் வரைக்கும் எறங்கிச்சுன்னா பயந்துறாத, வடியுதுன்னு அர்த்தம்."

நான் அசந்துபோனேன். டாக்டர் இதையேதான் சொன்னார். "இம்புட்டுச் சரியா எப்பிடி அத்தை?" என்று கேட்டேன்.

"எல்லாம் வீட்டுல பாத்துப் பழகுனதுதான்" என்றார் அத்தை.

பிறகு, "என்னாச்சுத்தா?" என்றார். அதிசயம் என்னவென்றால், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மூக்குல சதை அத்தை. ஆபரேஷன் பண்ணிருக்கு."

"சரி."

அந்தச் 'சரி' இருக்கிறதே! அதைச் சொல்லிவிட்டு அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, பட்டாணிப் பாக்கெட்டோடு நின்றிருந்த பாண்டியைப் பார்த்தார். ஒரே பார்வை. பாண்டிக்குக் கழுத்து வரை வேர்த்தது. கையிலிருந்த பட்டாணி நழுவிக் கீழே விழுந்தது. முடிந்தது கதை.

அன்றிலிருந்து அந்த மனுஷன் எதைச் செய்தாலும் குற்றம் ருசுவாகிக்கொண்டே வந்தது. மனைவிக்குக் காப்பி போட்டார். குற்றம் செய்தவன்தானே காப்பி போடுவான்? வருகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் மாடிக்கு ஓடினார், மனசாட்சி. கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தார். அடிச்ச கையே அணைக்குது பார். நிலக்கோட்டைச் சொந்தக்காரர்கள் பந்து பந்தாக மல்லிகைப்பூ கொண்டுவந்து சௌந்தர்யாவின் தலையில் வைத்தார்கள், பாண்டிக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் போனார்கள். வருகிறவர்கள் மூக்கைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். "வீட்டுல எல்லாம் சுமுகமா இருக்கா?" என்று கேட்டார்கள்.

மாடியில் பெண் பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு மாணவியின் அம்மா சொர்ணலட்சுமி போன் செய்து, "சார், பாப்பா கொஞ்ச நாள் வீட்டுலயே படிக்கட்டும் சார்" என்றார். ஏன் என்று பாண்டி கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, "மதினி, நான் அடிச்சேன்னு நெனைக்கிறாகளோ?" என்று என்னிடம் கேட்டார். ஒரு எறும்பை நசுக்காத மனுஷனுக்கு இப்படி ஒரு பேரா? பொய்யை விட்டு உண்மையைச் சொன்னால் அவர் பேர் பிழைக்கும். ஆனால் சௌந்தர்யா இத்தனை வருஷம் மறைத்து வைத்த ஆசை தெருச் சிரிப்பாகிவிடும்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே, கட்டு பிரிக்கட்டும்" என்று பாண்டியே சொன்னார். "எம் பேரப் பத்தி இப்ப என்ன?"

அடுத்த நாள் கண்ணம்மாள் அத்தை சட்டியோடு வந்தார். புளியும் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பத்து. ஆவி பறந்தது. "சூட்டோட போடணும்த்தா, அப்பத்தான் கட்டுன ரத்தம் கலையும்" என்று விரலில் அள்ளிவிட்டார். நான் குறுக்கே போய் விழாத குறையாக, "டாக்டர் சாயந்தரம் போடச் சொல்லிருக்காரு அத்தை, நானே போட்டு விடுறேன்" என்று சட்டியை வாங்கி அடுப்படியில் வைத்தேன். கை காலியானதும் அத்தை வாசல் பக்கம் நின்ற பாண்டியைக் கூப்பிட்டார். புத்தி சொல்லத்தான். நான் அடுப்படியிலிருந்து அத்தனையையும் கேட்டேன்.

"தம்பி, தப்பா நெனைக்காதீக, ஒங்க ஆத்தா மாதிரி சொல்றேன். ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். கை நீட்டத்தான் தோணும். ஆனா மூஞ்சிலயா நீட்டுறது? நாலு பேரு வந்து போற வீடு. பொம்பளப் புள்ளைக படிக்க வர்ற எடம். மூஞ்சில படாமப் பாத்துக்கிறணும்."

பாண்டி வாயைத் திறப்பதற்குள்ளேயே உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சௌந்தர்யா கட்டிலை விட்டு எழுந்து வந்து நின்றாள்.

"அத்தை, அவரு என்னத் தொடல. மூக்கு அசிங்கமா இருக்குன்னு நானே போய் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். அழகுக்கு. எங்காசுல. இந்தா பாருங்க." போனில் பழைய மூக்கையும், டாக்டர் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய புது மூக்கையும் காட்டினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் காட்டியது எனக்குத் தெரிந்தது. 'கிளி' என்ற பேருக்கு அப்புறம் அவள் ஒருவரிடமும் தன் மூக்கைப் பற்றிப் பேசியதில்லை.

அத்தை போனைப் பார்த்தார். சௌந்தர்யாவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"ஆத்தாடி! புருஷனக் காப்பாத்த என்னமாப் பொய் சொல்லுது இந்தப் புள்ள! காசு குடுத்து யாராச்சும் மூஞ்சிய இப்பிடி ஆக்கிக்கிருவாகளா? தங்கம்த்தா நீ, தங்கம்." தலையைத் தடவி நெற்றியில் திருஷ்டி கழித்து விரல்களைச் சொடுக்கினார். பாண்டியை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்று சாயந்தரத்துக்குள் சௌந்தர்யா தெருவிலேயே உயர்ந்த பத்தினியாகவும், பாண்டி தெருவிலேயே கேடுகெட்ட ஆளாகவும் ஆகிவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்குப் பலன் அதுதான். சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே, கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம், அத்தையின் சட்டியை வாங்கிப்போக அவர் மருமகள் யுவராணி வந்தாள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் முழங்கைக்குக் கீழே இறங்கிய ஜாக்கெட்டும் மேலே ஒரு துண்டும். பார்க்க வருகிறவர்களின் லட்சணம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. ஹார்லிக்ஸ் இல்லை. கட்டிலில் உட்காரவில்லை. சின்ன மாமனார் கதை சொல்லவில்லை. கதவோரமாக நின்று சௌந்தர்யாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீக்கம் எறங்கியிருக்குல்ல?"

"ஆமா யுவராணி. பட்டாணி வச்சோம்."

"அது எங்கன வைக்கணும்? பட்ட எடத்துலயேவா, சுத்தியா? ரொம்ப நேரம் வச்சாத் தோலு மரத்துப்போகுமோ? எங்கத்தை சூடாத்தான் போடுவாக. அது போட்டா இன்னும் தெறிக்குதுக்கா."

கேட்டது வீக்கத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்த வீட்டுக்கு வந்தவர்களில் வைத்தியம் சொல்லாமல் வைத்தியம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் துண்டை விலக்கி ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். தோளுக்குக் கீழே கறுப்பு. அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே பழைய மஞ்சள்.

"மூஞ்சில இல்லக்கா" என்றாள், ஏதோ சமாதானம் சொல்வது மாதிரி.

வீட்டில் பார்த்துப் பழகியதுதான் என்று அத்தை சொன்னாரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு வீடு தள்ளித்தானே இருந்தது? இவளைப் பார்க்க ஒரு ரொட்டிப் பாக்கெட் போயிருக்குமா? ஒருத்தர் போய்க் கட்டிலில் உட்கார்ந்திருப்பார்களா?

சௌந்தர்யா பட்டாணிப் பாக்கெட்டை அவள் தோளில் தானே வைத்துப் பிடித்தாள். பிடித்தபடியே கேட்டாள். "யுவராணி, நாங்க ஒன்னப் பாக்க வரட்டுமா?"

யுவராணி எழுந்தாள். துண்டை மறுபடி போர்த்திக்கொண்டாள். சட்டியை எடுத்தாள். வாசல் தாண்டப் போகும்போது திரும்பினாள்.

"வாங்கக்கா. அவரு இருக்கும்போதே வாங்க."

அன்று சாயந்தரம் தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. அந்த நேரமாகப் பார்த்துச் சௌந்தர்யா நல்ல சேலை ஒன்றைக் கட்டினாள். மூக்கில் கட்டு, கண்ணுக்குக் கீழே பச்சையும் மஞ்சளும், கையில் முத்துக்கிருஷ்ணன் மாமா வாங்கி வந்த ஹார்லிக்ஸ். பின்னால் நான் ரொட்டியோடு. அதற்குப் பின்னால் பாண்டி, சாத்துக்குடிப் பையோடு, வேர்த்துக் கொட்டிக்கொண்டு. வரிசையைத் தாண்டி மெதுவாகத்தான் நடந்தோம். இந்த இனத்தின் சுபாவம் உங்களுக்குத் தெரியுமே, தன் கண் முன்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போனால் பின்னால் போகாமல் இருக்க முடியாது. "யாருக்கு முடியல? யாருக்கு முடியல?" என்று குடங்களை அங்கங்கே வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். குழாயைப் பிடித்திருந்த லாரிக்காரர் மட்டும் தனியாக நின்றார்.

அஜித் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணம்மாள் அத்தை எழுந்து, "என்னத்தா இது, படுத்துருக்க வேண்டிய புள்ள..." என்று தடுமாறினார். சௌந்தர்யா நேராக உள்ளே போனாள். யுவராணி படுத்திருந்த கட்டிலில், கால்மாட்டில் உட்கார்ந்தாள். முறை தவறவில்லை. வாசல் வரை கேட்கும்படி கேட்டாள்.

"யுவராணி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று அத்தை முந்திக்கொண்டார்.

"அப்பிடியா? இப்பிடித்தான் எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா வழுக்கி விழுந்தாக" என்று சௌந்தர்யா ஆரம்பித்தாள். "ஒரு தடவை இல்ல, அடிக்கடி விழுவாக. கடைசில போலீசு வந்து, வழுக்கிவிட்டவரக் கூட்டிட்டுப் போச்சு."

டிவி சத்தம் நின்றது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். சொர்ணலட்சுமியும் வந்தார். "எந்தப் பக்கம்த்தா விழுந்த?" என்று யாரோ கேட்டார்கள். "எப்ப விழுந்த?" "எங்க பட்டுச்சு?" அத்தனை கேள்விக்கும் அத்தையே பதில் சொல்லப் பார்த்தார். ஆனால் அந்த இனம் வாழ்க்கையில் முதல் தடவையாக நோயாளியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

"நான் விழல" என்றாள் யுவராணி.

துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். அத்தனை பெண்கள் நிறைந்த அந்த அறையில் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வைத்தியம் வரவில்லை. புளி இல்லை, உப்பு இல்லை, நொச்சி இல்லை. சொர்ணலட்சுமி மட்டும் மெல்லத் திரும்பி, சாத்துக்குடிப் பையோடு நின்ற பாண்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது சௌந்தர்யா வழக்கம் தவறாமல், "வாரேன் யுவராணி. நாளைக்கும் வாரேன்" என்றாள். அதை அவள் அஜித்தைப் பார்த்துச் சொன்னாள்.

சொன்னபடி போனாள். அவள் போனதால் அடுத்த வீட்டுக்காரி போனாள். அடுத்த வீட்டுக்காரி போனால் எதிர்வீட்டுக்காரி போகாமல் இருப்பாளா? அந்த வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பொழுது சாய்ந்தால் யாராவது ஒருத்தர் கட்டிலில் உட்கார்ந்து சின்ன மாமனார் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முத்துக்கிருஷ்ணன் மாமாகூட வத்தலக்குண்டிலிருந்து ஒருதரம் வந்து, பொடி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அஜித்துக்கு எதிரிலேயே முழுப் பகலும் உட்கார்ந்திருந்தார். அஜித் நல்லவனாகிவிட்டான் என்று நான் சொல்லவில்லை. கை ஓங்க அவனுக்குத் தனியாக இடம் கிடைக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். யுவராணியின் அண்ணன் ஆத்தூரிலிருந்து வந்து அவளைக் கொஞ்ச நாள் அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவள் பையை எடுத்து வைத்தாயிற்று.

சௌந்தர்யாவின் கட்டைப் பிரித்தார்கள். ரத்தக்கட்டு மஞ்சளாகி இறங்கி மறைந்துவிட்டது. வீக்கம் முழுக்க வடிய இன்னும் மாதக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் மேடு போய்விட்டது. இப்போதெல்லாம் பக்கவாட்டில் மட்டும்தான் போட்டோ எடுத்துக்கொள்கிறாள். மாடிக்குப் பிள்ளைகள் திரும்ப வருகிறார்கள். பாண்டி அடித்தவர் இல்லை என்று தெரு நம்பிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. அடித்துத் திருந்தியவர் என்று நம்புகிறது. அவருக்கு இப்போது முன்னைவிட மரியாதை அதிகம். "திருந்துன மனுஷன், புள்ளைய நம்பி அனுப்பலாம்" என்று சொர்ணலட்சுமியே நாலு பேரைச் சேர்த்துவிட்டிருக்கிறார்.

கண்ணம்மாள் அத்தை சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு வந்தார். சௌந்தர்யாவின் மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, எம் பத்து போட்டதுல மூக்கே எடுப்பா வந்துருச்சு" என்றார். போடாத பத்து! இந்த இனத்தைத் திருத்த முடியும் என்றா நினைத்தீர்கள்?

நீங்கள் இத்தனை நேரம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். சௌந்தர்யாவின் கண் கறுத்தது என்று சொன்னேனே, அந்த இடத்தில், 'அடடா, அதுக்கு இதைப் போட்டிருக்கலாமே' என்று உங்கள் வாயில் ஒரு பக்குவம் வந்து நின்றதா, இல்லையா? பாண்டிக்கு வேர்த்தபோது, 'இவன் ஒருவேளை அடிச்சிருப்பானோ' என்று லேசாகத் தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால் வருத்தப்படாதீர்கள். நீங்களும் நம்மவர்தான். அந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு தாராளமாகக் கிளம்புங்கள். ஆனால் வெயில் காலத்தில் நீளக் கை ஜாக்கெட் போட்டுக்கொண்டு உங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறாளே உங்கள் வீட்டுப் பெண், வெளியே போகும் முன் அவள் கால்மாட்டில் செத்த நேரம் உட்காருங்கள். என்னாச்சு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.